முதல் உலகப் போரின் மூலகாரணங்களும் மூல ஆவணங்களும்

ஒரு பெரும்போர் ஏன் மூண்டது என்னும் வினாவுக்கு விடை தேடுவோர்க்கு இருவகைச் சான்றுகள் கிடைக்கின்றன. போர் முடிந்தபின் அதில் பங்கு கொண்டோர் எழுதிய நினைவுக் குறிப்புகள் ஒருவகை. நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருந்தபோதே எழுதப்பட்ட தந்திகள், அமைச்சரவைக் குறிப்புகள், தூதர்களின் அறிக்கைகள் மற்றொரு வகை. பின்னதையே மூல ஆவணம் என்கிறோம். 1914ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சராயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவருடைய துணைவியாரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 4ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கியது. இடைப்பட்ட 37 நாள்களில் வியன்னா, பெர்லின், பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன் ஆகிய தலைநகரங்களுக்கிடையே ஓடிய தந்திகளுள் பெரும்பாலானவை இன்று அச்சில் உள்ளன. அதற்கு முன்னர் நடந்த எந்தப் போரின் தொடக்கத்தைக் குறித்தும் இத்துணை ஆவணங்கள் இவ்வளவு விரைவில் வெளியானதில்லை. அப்படியிருந்தும் நூறாண்டுகளுக்குப் பின்னும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு ஓயவில்லை. இது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆவணம் தானாகப் பேசாது. அதை ஒருவர் எழுதினார், ஒருவர் பாதுகாத்தார், ஒருவர் தேர்ந்தெடுத்து அச்சிட்டார். இம்மூவரையும் விசாரிக்காமல் ஆவணத்தை ஏற்றுக்கொள்பவர், அறிவிப்பாளர் வரிசையைப் பாராமல் செய்தியை ஏற்பவரைப் போன்றவரே. இந்த ஒப்புமை நாமாகப் புனைந்துகொண்டதன்று. பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிற்றுவித்த அஸத் ருஸ்தும் என்னும் அரபு கிறிஸ்தவ அறிஞர் 1939இல் ‘முஸ்தலஹுத் தாரீக்’ என்ற நூலை வெளியிட்டார். ஐரோப்பியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த வரலாற்றாய்வு விதிகள் பலவற்றை ஹதீஸ் கலை வல்லுநர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வகுத்திருந்தனர் என்பதை அவர் அதில் எடுத்துக்காட்டினார். நூலின் பெயரே ‘முஸ்தலஹுல் ஹதீஸ்’ என்பதை ஒட்டி அமைந்தது. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஒரு கலை வரலாற்றுத் துறைக்கும் உரியது என்பதை நமக்கு எடுத்துச் சொல்ல ஒரு கிறிஸ்தவப் பேராசிரியர் முன்வர வேண்டியிருந்தது. அக்கலையின் மூன்று கருவிகள் இங்கே நமக்குப் போதும்: அறிவிப்பாளரின் தகுதி, தேதி, வேறு வழியில் வரும் துணைச்சான்று.

போர் தொடங்கிய சில நாள்களிலேயே அரசுகள் தத்தம் நியாயத்தை நிறுவ ஆவணத் தொகுப்புகளை வெளியிடலாயின. ஜெர்மனியின் வெள்ளை நூல் ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 159 ஆவணங்கள் கொண்ட பிரிட்டனின் தொகுப்பு ஆகஸ்ட் 6ஆம் நாள் வெளிவந்தது. பின்னர் அது நீல நூல் எனப் பெயர் பெற்றது. ரஷ்யாவின் செம்மஞ்சள் நூலும், டிசம்பரில் பிரான்சின் மஞ்சள் நூலும், 1915இல் ஆஸ்திரியாவின் செந்நூலும் தொடர்ந்தன. மக்கள் இவற்றை மூல ஆவணங்கள் என்றே நம்பி வாங்கிப் படித்தனர். நிறங்கள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: போரைத் தொடங்கியவன் எதிரி.

ஹதீஸ் கலையில் ‘தத்லீஸ்’ என்றொரு குறைபாடு பேசப்படும். நேரடியாகப் பொய் சொல்லாமல், தனக்குப் பாதகமான கண்ணியை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் அறிவிப்பது அது. வெள்ளை நூலில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியமும் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலாசும் உறவினர்கள். நெருக்கடி நாள்களில் இருவரும் ஆங்கிலத்தில் தந்திகள் பரிமாறிக்கொண்டனர். அவற்றை ஜெர்மன் அரசு தன் நூலில் சேர்த்தது. ஆனால் ஆஸ்திரிய - செர்பிய வழக்கை ஹேக் நகர நடுவர் மன்றத்திடம் ஒப்படைக்கலாம் என ஜார் ஜூலை 29ஆம் நாள் அனுப்பிய தந்தி மட்டும் அதில் இல்லை. 1915இன் தொடக்கத்தில் ரஷ்ய அரசு அதை வெளியிட்ட பின்னரே உலகம் அறிந்தது. வெள்ளை நூலில் அச்சான தந்திகளில் பொய்யில்லை. விடுபட்ட ஒரு தந்தி அவற்றின் பொருளையே மாற்றிவிடுகிறது.

பிரான்சின் மஞ்சள் நூல் செய்தது இதனினும் பெரிது. அந்நூலின் 118ஆம் ஆவணம் ரஷ்யாவிலிருந்த பிரெஞ்சுத் தூதர் பலியோலோக் ஜூலை 31ஆம் நாள் அனுப்பிய தந்தியாகத் தரப்பட்டுள்ளது. ஆஸ்திரியாவின் பொது அணிதிரட்டலையும் ஜெர்மனியின் இரகசிய ஆயத்தங்களையும் கண்டே ரஷ்யா தன் படைகள் அனைத்தையும் திரட்ட ஆணையிட்டது என்பது அதன் சாரம். உண்மையில் தூதர் அனுப்பியது ரஷ்யப் பொது அணிதிரட்டலுக்கு ஆணை பிறந்துவிட்டது என்ற ஒற்றை வரித் தந்தியே. காரணம் கூறும் பகுதி பாரிசில் சேர்க்கப்பட்டது. இதைக் கண்டறிய உளவாளி வேண்டியதில்லை. நாட்காட்டியும் கடிகாரமும் போதும். ரஷ்யப் பொது அணிதிரட்டலுக்கான ஆணை ஜூலை 30ஆம் நாள் மாலையில் பிறந்தது. ஆஸ்திரியாவின் ஆணை மறுநாள் நண்பகலையொட்டியே வெளியானது. பின்னால் நடந்ததை முன்னால் நடந்ததற்குக் காரணமாக்க இயலாது. அறிவிப்பாளர்கள் பொய்யுரைக்கத் துணிந்தபோது முஹத்திஸுகள் அவர்களிடம் பிறந்த ஆண்டையும், ஆசிரியரைச் சந்தித்த ஆண்டையும், ஊரையும் கேட்டு அம்பலப்படுத்தினர் என வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 118ஆம் ஆவணம் நினைவுக்கு வருவதுண்டு.

உண்மைத் தொகுப்புகள் வெளிவந்ததும் அறத்தின் பொருட்டு அன்று. 1917 நவம்பரில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் ஜார் அரசின் இரகசிய உடன்படிக்கைகளை நாளேடுகளில் வெளியிட்டனர். உதுமானிய அரபு நிலங்களைப் பங்கிட்ட சைக்ஸ் - பிகோ உடன்பாடு அவ்வாறே வெளிச்சத்துக்கு வந்தது. 1919இன் வெர்சாய் உடன்படிக்கையின் 231ஆம் பிரிவு, போரால் நேர்ந்த இழப்புகளுக்கு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்றது. அதே ஆண்டு இறுதியில், சமதர்மவாதியான கார்ல் கவுட்ஸ்கி திரட்டிய ஜெர்மன் வெளியுறவு அலுவலக ஆவணங்கள் நான்கு தொகுதிகளாக வெளியாயின. கைசர் ஓரக்குறிப்பாகக் கிறுக்கியவை உட்பட அனைத்தும் அதில் இருந்தன. இதனால் கலங்கிய ஜெர்மன் அரசு, 1871 முதல் 1914 வரையிலான தன் ஆவணங்களை நாற்பது தொகுதிகளாக 1922 - 1927 ஆண்டுகளில் வெளியிட்டது. பழி ஜெர்மனிக்கு மட்டும் உரியதன்று எனக் காட்டுவதே அதன் மறைமுக நோக்கம். வெளியுறவு அலுவலகத்தில் இதற்கென ஒரு தனிப்பிரிவே இயங்கியது. பதிலுக்குப் பிரிட்டன், கூச் - டெம்பர்லி என்னும் இரு வரலாற்றாசிரியர்களைக் கொண்டு பதினொரு தொகுதிகளை வெளியிட்டது. இன்றியமையாத ஆவணம் எதையேனும் விட்டுவிடுமாறு வற்புறுத்தினால் பணியைத் தொடர மறுப்போம் என்று அவ்விருவரும் முன்னுரையிலேயே அச்சிட்டு எழுதிவிட்டனர். அறிவிப்பாளரின் நேர்மைக்கு இதுவும் ஓர் அடையாளம்.

இனி ஆவணங்கள் சொல்வதென்ன என்று பார்ப்போம். எல்லாவற்றையும் இங்கு எழுத இயலாது. மிகவும் தருக்கத்துக்குள்ளான ஒரு தந்தியை மட்டும் விரிவாகப் பார்க்கலாம்.

ஜூலை 5ஆம் நாள் ஆஸ்திரியப் பேரரசரின் கடிதம் கைசரிடம் சேர்ப்பிக்கப்பட்டது. ரஷ்யாவுடன் போர் மூண்டாலும் ஜெர்மனி துணை நிற்கும் எனக் கைசர் உறுதி கூறியதாக, பெர்லினிலிருந்த ஆஸ்திரியத் தூதர் ஸோக்யேனி வியன்னாவுக்குத் தந்தி அடித்தார். அதே தூதர் ஜூலை 27ஆம் நாள் இரவு மற்றொரு தந்தி அனுப்பினார். பிரிட்டன் முன்வைக்கும் சமரச யோசனைகளை ஜெர்மனி வியன்னாவுக்கு அனுப்பிவைக்கும். எனினும் ஜெர்மனி அவற்றை ஆதரிக்கவில்லை, லண்டனின் வேண்டுகோளை மறுக்காதிருக்கவே அனுப்புகிறது என்று ஜெர்மன் வெளியுறவுச் செயலர் யாகோவ் தம்மிடம் கூறியதாக அதில் எழுதினார். இது உண்மையாயின், சமரசம் பேசுவதாக உலகுக்குக் காட்டிய ஜெர்மனி மறைவில் அதைக் கெடுத்தது என்றாகும்.

போருக்குப் பின் யாகோவும் தலைமை அமைச்சர் பெத்மன் ஹோல்வெக்கும் இதை மறுத்தனர். தூதர் எழுபதைக் கடந்த முதியவர், தவறாக விளங்கிக்கொண்டார் என்றனர். நம் கலைச்சொல்லில் சொன்னால், அறிவிப்பாளரின் நினைவாற்றல் மீது குறை கூறினர். இத்தகைய குறை கூறப்படும்போது செய்ய வேண்டியது என்ன? அதே செய்திக்கு வேறு வழியில் சான்று உண்டா எனத் தேட வேண்டும். அத்தகைய சான்று வியன்னாவில் அன்று, பெர்லினிலேயே கிடைத்தது. அதே 27ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி வியன்னாவிலிருந்த ஜெர்மன் தூதருக்குப் பெத்மன் அனுப்பிய தந்தியில், எல்லாச் சமரச முயற்சிகளையும் நாம் மறுத்தால் உலகம் நம்மையே போரின் காரணகர்த்தா எனக் கருதும் என்ற வாதமே உள்ளது. சமரசம் வெற்றி பெற வேண்டும் என்ற அக்கறையைவிட, பழி யார் மீது விழும் என்ற கவலையே அதில் மேலோங்கி நிற்கிறது. முதிய தூதரின் செய்தியும் தலைமை அமைச்சரின் சொந்தத் தந்தியும் ஒன்றையொன்று தாங்குகின்றன. அறிவிப்பாளரின் முதுமை இங்கே செய்தியைப் பலவீனப்படுத்தவில்லை என்பது என் முடிவு.

மறுநாள் நடந்ததும் இதை வலுப்படுத்துகிறது. செர்பியா தந்த பதிலை ஜூலை 28ஆம் நாள் காலையில் படித்த கைசர், போருக்கான காரணமே அற்றுப்போனது எனக் குறிப்பெழுதினார். ஆஸ்திரியா பெல்கிரேடு நகரோடு நின்றுகொள்ளலாம் என்றும் யோசனை கூறினார். பெத்மன் அதை அன்று இரவுதான் வியன்னாவுக்கு அனுப்பினார்; போருக்கான காரணம் இல்லை என்ற கைசரின் கருத்தை அதில் சேர்க்கவுமில்லை. அதற்குள் நண்பகலிலேயே ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்துவிட்டது.

அப்போர்ப் பிரகடனத்தின் வரலாறும் அறியத்தக்கது. வெளியுறவு அமைச்சர் பெர்க்டோல்ட் முதியவரான பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பிடம் ஒப்பம் பெறச் சமர்ப்பித்த வரைவில், டெமஸ் குபின் என்னுமிடத்தில் செர்பியர் முதலில் சுட்டனர் என்ற வாசகம் இருந்தது. ஒப்பம் கிடைத்தபின் அச்செய்தி உறுதிப்படவில்லை என்று கூறி அவ்வாசகத்தை நீக்கிவிட்டார். பிரகடனம் மட்டும் நீங்கவில்லை.

இவ்விடத்தில் ஓர் இடைக்குறிப்பு. ஆகஸ்ட் முதல் நாள் மாலை ரஷ்ய வெளியுறவு அமைச்சரிடம் ஜெர்மன் தூதர் பூர்தாலெஸ் கையளித்த போர்ப் பிரகடனத்தில், ரஷ்யா பதில் தர மறுத்தாலும் பதிலே தராவிட்டாலும் பொருந்தும் வண்ணம் இரண்டு மாற்று வாசகங்களும் அப்படியே இருந்தன. பதற்றத்தில் ஒன்றை அடிக்கத் தவறிவிட்டனர். பதில் எதுவாயினும் போர் என்பது முன்னரே முடிவாகியிருந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

இவ்வளவும் ஜெர்மனி, ஆஸ்திரியா மீதான சாட்சியம். மறுபக்கமும் தூய்மையானதன்று. முதலில் பொது அணிதிரட்டலுக்கு ஆணையிட்ட பேரரசு ரஷ்யாவே; அதைத் தடுக்கப் பிரான்ஸ் முயன்றதற்கு வலுவான ஆவணம் இல்லை. பிரெஞ்சு அதிபர் புவான்காரே ஜூலை 20 முதல் 23 வரை பீட்டர்ஸ்பர்க்கில் ஜாருடன் பேசினார். நெருக்கடியின் நடுவில் நடந்த அப்பேச்சுகளுக்கு முறையான பதிவு ஏதும் எஞ்சவில்லை. சான்றின்மை குற்றத்துக்குச் சான்றாகாது. ஆயினும் மற்றவர்களின் ஆவணங்கள் திறந்து கிடக்க, ஒருவரின் பக்கம் மட்டும் வெறுமையாக இருப்பதால், திறந்தவரே குற்றவாளியாகத் தோன்றும் அபாயம் உண்டு. 1961இல் பிரிட்ஸ் பிஷர் ஜெர்மன் ஆவணங்களைக் கொண்டு ஜெர்மனியின் பொறுப்பை வலியுறுத்தியதையும், 2012இல் கிறிஸ்டோபர் கிளார்க் பொறுப்பை எல்லாத் தலைநகரங்களுக்கும் பகிர்ந்ததையும் இதை நினைவில் கொண்டே படிக்க வேண்டும். என்னளவில், போரை விரும்பித் தொடங்கியது வியன்னா, அதற்குத் துணிவூட்டி மறைத்தது பெர்லின், அதைக் கண்டம் முழுவதற்கும் பரப்பியதில் பீட்டர்ஸ்பர்க்குக்கும் பங்குண்டு என்ற வரிசையையே ஆவணங்கள் தாங்குகின்றன.

இனி, நம் உள்ளத்துக்கு நெருக்கமான வினாவுக்கு வருவோம். உதுமானியக் கிலாஃபத் இப்போரில் ஏன் இறங்கியது? மக்களிடம் திரட்டிய பணத்தில் பிரிட்டனில் கட்டப்பட்ட ‘சுல்தான் உதுமான்’, ‘ரஷாதிய்யா’ ஆகிய இரு போர்க்கப்பல்களைப் பிரிட்டன் பறித்துக்கொண்டதே காரணம் என்று நம் மேடைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. பறித்தது உண்மை, அது அநீதி என்பதும் உண்மை. ஆனால் காரணமா? மீண்டும் தேதியைக் கேட்போம். கப்பல்கள் பறிபோனது ஆகஸ்ட் முதல் நாளையொட்டி. போர் அமைச்சர் அன்வர் பாஷா ஜெர்மன் தூதர் வாங்கன்ஹைமிடம் கூட்டணி வேண்டியது ஜூலை 22ஆம் நாள். தூதர் தயங்கினார், கைசர் ஏற்குமாறு பணித்தார். ஆகஸ்ட் 2ஆம் நாள் தலைமை வஸீர் சயீத் ஹலீம் பாஷாவின் மாளிகையில் இரகசிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அமைச்சர்களுள் மிகச் சிலரே அதை அறிந்திருந்தனர். நிதியமைச்சர் ஜாவித் பேவுக்குக்கூடப் பிறகே தெரிந்தது. அவர் அதை எதிர்த்தார். ரஷ்யா தலையிட்டு ஜெர்மனி போரிட நேர்ந்தால் உதுமானியரும் போரிட வேண்டும் என்பது நிபந்தனை. கையெழுத்திட்ட அன்றே ஜெர்மனி ரஷ்யாவுடன் போரில் இருந்தது! கப்பல் பறிப்பு மக்களின் சினத்தை விளக்கும், உடன்படிக்கையை விளக்காது.

அதன்பின் மூன்று மாதங்கள் உதுமானிய அரசு காலந்தாழ்த்தியது. ஜெர்மன் போர்க்கப்பல்களான கெபனும் பிரஸ்லாவும் ஆகஸ்ட் 10ஆம் நாள் தார்தனெல்ஸ் நீரிணைக்குள் புகுந்து, ‘யாவூஸ் சுல்தான் ஸலீம்’, ‘மிதில்லி’ எனப் பெயர் மாறின. அக்டோபரில் இருபது இலட்சம் லீரா மதிப்புள்ள ஜெர்மன் தங்கம் இஸ்தான்பூல் வந்தடைந்தது. அக்டோபர் 29ஆம் நாள் ஜெர்மன் தளபதி ஸூஷோன் தலைமையில் உதுமானியக் கப்பற்படை ஒடெஸா, செவஸ்தபோல் உள்ளிட்ட ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கியது. நவம்பர் 2இல் ரஷ்யா போர் அறிவித்தது. தலைமை வஸீர் போருக்குப் பிந்திய நாடாளுமன்ற விசாரணையில், தாக்குதல் தம் அறிவுக்கு அப்பாற்பட்டு நடந்ததாகச் சாட்சியம் அளித்தார். சயீத் ஹலீம் பாஷா இஸ்லாமியச் சிந்தனையாளர். அவருடைய எழுத்துகள் இன்றும் மதிப்புடன் படிக்கப்படுகின்றன. அவர் பொய்யுரைத்தார் என நான் சொல்லவில்லை. தாக்குதலுக்கு அன்வர் ஸூஷோனுக்கு அளித்த இரகசிய ஆணை உண்டு என்பதால் அவர் கூற்று நம்பத்தக்கதே. ஆனால் தாக்குதலுக்கு வழிவகுத்த உடன்படிக்கையில் இருப்பது அவருடைய கையொப்பம்.

நவம்பர் 14ஆம் நாள் இஸ்தான்பூல் ஃபாத்திஹ் பள்ளிவாசலில், ஷைகுல் இஸ்லாம் ஹைரி எஃபந்தி வழங்கிய ஜிஹாத் ஃபத்வா வாசிக்கப்பட்டது. பிரிட்டன், ரஷ்யா, பிரான்ஸ் ஆகியவற்றின் கீழ் வாழ்ந்த முஸ்லிம்களும் அவ்வரசுகளுக்கெதிராகப் போரிடக் கடமைப்பட்டோர் என்றது அது. கிலாஃபத்தின் கூட்டாளிகளான ஜெர்மனி, ஆஸ்திரியாவுடன் போரிடுவது அவர்களுக்குப் பாவம் என்றும் உரைத்தது. இதற்கு மூன்றரை மாதங்களுக்கு முன், ஜூலை 30ஆம் நாள், ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு தந்தியின் ஓரத்தில் கைசர் எழுதிய குறிப்பு கவுட்ஸ்கியின் தொகுப்பில் அச்சாகியுள்ளது. துருக்கியிலும் இந்தியாவிலும் உள்ள ஜெர்மன் தூதர்களும் முகவர்களும் முஸ்லிம் உலகம் முழுவதையும் பிரிட்டனுக்கெதிராகக் கிளர்ந்தெழச் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. உடன்படிக்கை கையெழுத்தாக மூன்று நாள்கள் இருந்தன! அக்குறிப்பு எழுதப்பட்ட 54ஆம் நாள் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசி எரித்தது. நம் மொழியில் அக்கப்பலின் பெயர் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது.

எனவே அந்த ஜிஹாத் ஜெர்மனியில் செய்யப்பட்டது என்று 1915இலேயே எழுதினார் டச்சுக் கீழைத்தேய அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே. இவரையும் விசாரிக்க வேண்டும். ஆச்சே முஸ்லிம்களை ஒடுக்க டச்சுக் குடியேற்ற அரசுக்கு ஆலோசனை கூறியவர் இவர்; கிலாஃபத்தின் அழைப்பு இந்தோனேசிய முஸ்லிம்களை எட்டக்கூடாது என்பதில் இவருக்குச் சொந்த நலன் இருந்தது. உதுமானிய ஆவணங்களையும் ஜெர்மன் ஆவணங்களையும் ஒருங்கே ஆராய்ந்த முஸ்தஃபா அக்ஸகால் 2008இல் வெளியிட்ட நூலிலும் பின்னர் எழுதிய கட்டுரையிலும் வேறொரு சித்திரத்தைத் தருகிறார். பால்கன் போர்களில் நிலமும் மக்களும் பறிபோனபின், ஒரு வல்லரசின் துணையின்றி நாடு துண்டாடப்படும் என்ற அச்சம் அன்வரிடம் மட்டுமன்றி ஆட்சியாளர் வட்டம் முழுவதிலும் நிலவியது. ஜிஹாத் அறிவிப்பும் உதுமானிய அரசியலுக்குப் புதியதன்று என்கிறார் அவர். கைசரின் விருப்பமும் இஸ்தான்பூலின் அச்சமும் சந்தித்த இடமே 1914 நவம்பர். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, துரோகம் என்றோ தியாகம் என்றோ பேசுவது எளிது. இரு தரப்புத் தாள்களையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு அது இயலாது.

மூல ஆவணங்களிலும் ஐயத்துக்கிடமானவை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பெத்மனின் அந்தரங்கச் செயலர் குர்ட் ரீட்ஸ்லரின் நாட்குறிப்பு 1972இல் வெளியானபோது பெரும் வரவேற்புப் பெற்றது. 1983இல் பெர்ண்ட் ஸோஸெமன் அதன் கையெழுத்துப் படியை ஆராய்ந்து, மற்றப் பகுதிகள் குறிப்பேடுகளில் இருக்க, 1914 ஜூலைப் பகுதி மட்டும் தனித்தாள்களில் இருப்பதை எடுத்துக்காட்டினார். அது பின்னாளில் திருத்தி எழுதப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் இன்றும் நீங்கவில்லை. பிரஷ்யப் படைத்துறையின் காப்பகமோ 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் நகர் மீதான குண்டுவீச்சில் எரிந்தது.

உதுமானியத் தரப்பில் நிலைமை வேறு. எரிந்ததைவிடப் படிக்கப்படாததே அங்கு மிகுதி. ஜாவித் பேவின் நாட்குறிப்பு துருக்கிய வரலாற்றுக் கழகத்தால் நான்கு தொகுதிகளாக 2014 முதல் அச்சேறியது. இஸ்தான்பூல், அங்காரா காப்பகங்களில் உள்ளவை அரபு எழுத்தில் அமைந்த உதுமானியத் துருக்கி மொழியில், பெரும்பாலும் ருக்ஆ என்னும் விரைவெழுத்தில் எழுதப்பட்டவை. நம் அரபுக் கல்லூரி மாணவர் அவ்வெழுத்தைக் கூட்டிப் படித்துவிடுவார். அரபு, பார்சிச் சொற்களில் பாதியையும் விளங்கிக்கொள்வார். துருக்கி இலக்கணம் மட்டும் தடையாக நிற்கும். அதற்கு ஈராண்டுப் பயிற்சி போதுமென அறிந்தோர் கூறுவர்.